எதிரணியில் ஒரு நேர்மையான குரலைத் தேடிப் பிடிப்பது எப்படி?

எதிர்க்கருத்து உள்ளவர்களையும் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்த நாளில், எதிரணியின் மிகப் பிரபலமான பத்துப் பேரை இணையத்தில் தேடிப் பின்தொடர ஆரம்பித்தேன். எட்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது எரிச்சல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூடத் தம் கட்சி ஏதாவதொன்றில் தவறியது என்று ஒரு வரி எழுதியதில்லை. அதற்கு முன்பு எனக்கு இருந்தது லேசான வெறுப்பு. இப்போது அது ஆதாரங்களோடு கூடிய கெட்டியான வெறுப்பாகியிருந்தது.

நான் போய் நின்ற இடம் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே என்பது பிறகுதான் உறைத்தது. வீட்டுக்குள் நடக்கும் சண்டையை யாரும் ஒலிபெருக்கியில் போடுவதில்லை. அந்தச் சண்டையைக் கேட்க வேண்டுமானால் பக்கவாட்டு ஜன்னலைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அதற்கு இன்னும் ஓர் ஆண்டு ஆனது. முறை தெரிந்திருந்தால் மூன்று மாதத்தில் முடித்திருக்கலாம். அந்த மூன்று மாத முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்பது எனக்குத் தேவையில்லை. முறை எல்லோருக்கும் ஒன்றுதான். விவாதத்தில் ஜெயிக்கத் துருப்புச் சீட்டு தேடி வந்திருந்தால் மட்டும் இங்கே உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஏன் என்பதை ஏழாம் படியில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: என்ன தேவை, எவ்வளவு செலவு

ஒரு நோட்டு வேண்டும். கணினியில் அட்டவணையாக வைத்துக்கொண்டாலும் சரி. நான்கு பத்திகள் போதும்: பெயர், தேதி, தன் தரப்பில் எதை விமர்சித்தார், அதன்பின் அவருக்கு என்ன நடந்தது. நான்காவது பத்தியை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான்.

பணச் செலவு அநேகமாக இல்லை. சிலர் சந்தா கட்டினால் மட்டும் படிக்கக் கிடைப்பார்கள். அப்படி யாராவது பிடித்துப்போனால் ஆண்டுச் சந்தா கட்டிவிடாதீர்கள்; ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, அந்த மாதத்துக்குள் அவருடைய பழைய கட்டுரைகளைப் படித்து முடித்துவிட்டு முடிவெடுங்கள். அவசரப்பட்டு ஆண்டுச் சந்தா கட்டிய இரண்டு இதழ்களில் ஒன்றை நான் மூன்றாம் வாரத்துக்குப் பின் திறக்கவே இல்லை.

நேரம் நாளுக்கு 20 நிமிடம், 12 வாரம். தூங்கப் போகும் முன் வேண்டாம். கோபத்தோடு படுத்தால் மறுநாள் நோட்டில் எழுதுவதெல்லாம் வசையாக இருக்கும்.

இன்னொரு செலவும் உண்டு. நீங்கள் எதிரணியாரைப் படிப்பது தெரிந்தால் உங்கள் தரப்பு நண்பர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முதல் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாதிருப்பது நல்லது.

1. யாரைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

‘அவர்கள் தரப்பிலேயே நியாயமாகப் பேசும் ஒரே ஆள்’ என்று நாம் கொண்டாடுபவர்களில் பெரும்பாலோர் வேறு ரகம். நான் ஏமாந்த ரகங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ரகம், கட்சியை விட்டு வெளியே வந்தவர். ‘நான் ஏன் விலகினேன்’ என்று அவர் எழுதுவது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் இப்போது எதிரணியில் இல்லை. நம் அணிக்கு வந்த புது விருந்தாளி. புதிதாக வந்தவருக்குப் பழைய வீட்டைத் தூற்ற வேண்டிய நிர்ப்பந்தம் உண்டு.

இரண்டாவது, வியூக விமர்சகர். ‘நாம் தோற்றதற்குக் காரணம் போதிய அளவு இறங்கி அடிக்காததுதான்’ என்பார். இதுவும் தன் கட்சியைக் குறை சொல்வதுதான், ஆனால் மருந்தைச் சந்தேகிக்காமல் அளவு போதாது என்று மட்டும் சொல்வது. ஆரம்பத்தில் என் நோட்டில் பாதிப் பெயர்கள் இந்த ரகம்.

மூன்றாவது ரகத்தினர் பழைய பாவங்களுக்கு மட்டும் வருந்துவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த தலைவர் செய்த தவறை இன்று உருக்கமாக ஒப்புக்கொள்வதால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை.

நான்காவது, ‘இரண்டு பக்கமும் மோசம்’ என்கிற நடுநிலையாளர். படிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவருக்கு வீடே இல்லை. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவர் எப்படிச் சொல்வார்?

நாம் தேடுகிறவருக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: இடித்துரைப்பவர். அரசன் பக்கத்திலேயே நின்று, அவன் நன்மைக்காகவே, அவன் முகம் சுளிக்கும்படி பேசுகிறவர். எதிரி நாட்டு ஒற்றனை யாரும் இடித்துரைப்பவன் என்று சொன்னதில்லை. ஆகவே நாம் தேடும் ஆள் நம்மோடு பெரும்பாலும் உடன்படமாட்டார். அடுத்த தேர்தலிலும் அவர் வாக்கு அந்தக் கட்சிக்குத்தான். இதை முதல் நாளே மனதில் ஆணி அடித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

2. படிக்கும் இடத்தைத் தனியே பிரித்து வையுங்கள்

நான் செய்த பிழையை அதே அச்சில் ஒரு பரிசோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கிறிஸ் பெயிலும் அவர் குழுவினரும் 2017இல் ட்விட்டர் பயனர்களைக் கொண்டு நடத்தியது அது. ஒவ்வொருவரும் எதிர்த்தரப்புப் பிரமுகர்கள், கருத்தாளர்கள், ஊடகங்களின் செய்திகளை நாளுக்கு 24 வீதம் மறுபகிர்வு செய்யும் ஒரு தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடர்ந்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பைவிட இறுகிய பழமைவாதிகளாக வெளியே வந்தார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சற்றே இடப்பக்கம் நகர்ந்ததாகத் தெரிந்தது. ஆனால் புள்ளியியல்படி அது பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. எனக்கு எட்டு மாதம் பிடித்ததை அவர்கள் ஒரே மாதத்தில் முடித்துவிட்டார்கள்.

எதிரணியைப் படிப்பதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதுதான் விஷயம். அந்த வாசலில் கூட்டம் எப்படி இருக்கிறது என்பதற்கு ப்யூ ஆய்வு மையம் 2019இல் தந்த கணக்கைப் பாருங்கள்: அமெரிக்க வயதுவந்தோரின் ட்விட்டர் பதிவுகளில் தேசிய அரசியல் பேசியவற்றில் 97 சதவீதம், வெறும் 10 சதவீதப் பயனர்கள் எழுதியவை. அந்த 10 சதவீதத்தினரின் குரலைத்தான் நாம் மொத்த எதிரணி என்று நினைத்துக்கொண்டு கொதிக்கிறோம்.

ஆகவே செய்ய வேண்டியவை:

எக்ஸ் தளத்தில் யாரையும் பின்தொடராமலே ஒரு பட்டியலில் சேர்த்துப் படிக்கலாம். பட்டியலைத் ‘தனிப்பட்டது’ என்று அமைத்துவிட்டால் சேர்க்கப்பட்டவருக்கு அறிவிப்பு போகாது, மற்றவர்களும் பார்க்க முடியாது. உங்கள் வேலை முழுவதையும் அந்தப் பட்டியலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நிதானமான நேர்காணலைப் பார்த்த குற்றத்துக்காக அடுத்த பத்து நாளும் கத்துகிறவர்களின் காணொளிகள் வரிசை கட்டும்.

தளம் பரிந்துரைப்பதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊடகங்களும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களும் எழுதிய 27 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. எதிர்த்தரப்பைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பதிவு பகிரப்படும் வாய்ப்பை 67 சதவீதம் கூட்டியது என்கிறது அது. தன் தரப்பை இடித்துரைப்பவர் எதிரியைத் திட்டுவதில்லை; அதனால் அவர் பதிவு தானாக உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் போக வேண்டும்.

3. காலம் பார்த்துத் தேடுங்கள்

இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். சுயவிமர்சனத்துக்குப் பருவம் உண்டு.

தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதம் தேடவே தேடாதீர்கள். நல்லவர்கள்கூட அப்போது வாயைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் திடீரென்று தன் கட்சியைத் திட்ட ஆரம்பித்தால் அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லையா என்று முதலில் பாருங்கள்.

தோல்விக்குப் பிந்தைய இரண்டு வாரம் வெள்ளம்போல் வரும். முக்கால்வாசி வியூக விமர்சனம்தான். பழியை யார் தலையில் கட்டுவது என்ற போட்டி. ஆனாலும் அந்த இரண்டு வாரத்தில் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு முதல் ஏழு மாதம் கழித்துத்தான் உருப்படியானவை வரும். 2012 நவம்பரில் தோற்ற அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு, 2013 மார்ச்சில் தன் தோல்வி குறித்த அறிக்கையை வெளியிட்டது. 2019 மே மாதம் தோற்ற ஆஸ்திரேலியத் தொழிற்கட்சியின் ஆய்வறிக்கை அதே ஆண்டு நவம்பரில் வந்தது. 2019 டிசம்பரில் தோற்ற பிரிட்டன் தொழிற்கட்சிக்குள் இயங்கிய குழு ஒன்று 2020 ஜூனில் தன் ஆய்வை வெளியிட்டது. உங்கள் எதிரணி எப்போது தோற்றது என்று பார்த்து, நாட்காட்டியில் நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எதிரணி இப்போது ஆட்சியில் இருந்தால் வேலை கடினம். ஆனால் அப்போது கிடைக்கும் ஒரு குரல், தோல்விக்குப் பின் கிடைக்கும் பத்துக் குரலுக்குச் சமம். ஆட்சியில் இருக்கும்போது பேசினால்தான் இழப்பதற்கு ஏதாவது இருக்கும்.

4. ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள், ஆட்களிலிருந்து வேண்டாம்

யாரைப் படிப்பது என்று தெரியாதபோது எதைப் படிப்பது என்று கேளுங்கள். ஆள் தானாக வந்து சேருவார்.

தோல்வி ஆய்வறிக்கைகளை மேலே சொன்னேன். குடியரசுக் கட்சியின் 2013 அறிக்கையை நூறு பக்கம் இருக்கிறதே என்று மலைக்காமல் புரட்டுங்கள். கட்சி குறுகிய மனம் கொண்டது, காலத்தோடு ஒட்டாதது என்று மக்கள் நினைப்பதை அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். (அடுத்த அதிபர் தேர்தலில் அந்த அறிவுரைக்கு நேர் எதிர்த்திசையில் போய் ஜெயித்தும் விட்டார்கள் என்பது வேறு கதை.) அறிக்கையைவிட, அது வெளியான வாரத்தில் அந்தக் கட்சிக்காரர்கள் அதற்கு எழுதிய எதிர்வினைகள்தான் உங்களுக்குப் புதையல். அறிக்கையின் தலைப்பைப் போட்டு, கூகுளில் ‘கருவிகள்’ என்பதை அழுத்தி, அந்த மாதத்தை மட்டும் காலவரம்பாகக் கொடுத்துத் தேடுங்கள்.

அடுத்தது வாக்கெடுப்புப் பதிவு. 2003 மார்ச் 18 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஈராக் போர் குறித்த வாக்கெடுப்பில், ஆளும் தொழிற்கட்சியின் 139 உறுப்பினர்கள் தம் அரசின் நிலைப்பாட்டுக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள். பெயர் பெயராக அவைக்குறிப்பில் இருக்கிறது. எந்த நாட்டில் அவைக்குறிப்பு இணையத்தில் கிடைத்தாலும் இதே வேலையைச் செய்யலாம். கொறடா உத்தரவை மீறியவர்களின் பட்டியல், தேடத் தொடங்க மிகச் சிறந்த இடம். கொறடாவை மீறினால் பதவியே போகும் நாடுகளில் இது கிடைக்காது. அங்கே அவையில் பேசியதைப் பாருங்கள், அவைக்கு வராமல் இருந்தவர்களைப் பாருங்கள்.

மூன்றாவது ராஜினாமாக் கடிதங்களும் உரைகளும். அந்த வாக்கெடுப்புக்கு முதல் நாள், அமைச்சரவையிலிருந்து விலகி ராபின் குக் ஆற்றிய உரையைப் படித்துப் பாருங்கள். தன் தலைவர்மீது ஒரு வசைச்சொல் இல்லாமல், போரை ஏன் ஏற்க முடியவில்லை என்று மட்டும் சொல்கிறார். 2005இல் இறக்கும்வரை அதே கட்சியின் உறுப்பினராகவே இருந்தார். இடித்துரைப்பவர் எப்படி இருப்பார் என்று அளந்து பார்க்க எனக்கு அந்த உரைதான் முழக்கோல்.

எதிரணிச் சாய்வுள்ள பத்திரிகைகளின் திருத்தங்களையும் விடாதீர்கள். ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றித் தாம் வெளியிட்ட செய்திகள் போதிய கடுமையோடு சோதிக்கப்படவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர்கள் 2004 மே 26 அன்று எழுதினார்கள். எந்த இதழில் இப்படி ஒரு குறிப்பு வந்தாலும், அதற்கு முன்பே உள்ளிருந்து எச்சரித்தவர்கள் யார் என்று பின்னோக்கித் தேடுங்கள். முன்பே எச்சரித்தவரின் பெயர் நோட்டுக்குப் போக வேண்டும், குறிப்பு எழுதியவரின் பெயர் அல்ல.

சாதாரண ஆட்களைத் தேட, சொற்களை வைத்துத் தேடுவது பலன் தரும். கட்சியின் பெயரோடு ‘நம்மவர்கள்’, ‘நாமே இப்படிச் செய்தால்’, ‘எனக்கு உடன்பாடில்லை’, ‘வெட்கமாக இருக்கிறது’, ‘நம் ஆட்சியிலேயே’ ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். ‘நடுநிலை’ என்று தேடாதீர்கள். தன்னை நடுநிலையாளர் என்று அழைத்துக்கொள்கிறவர் அநேகமாக ஏதோ விற்கிறார்.

கடைசியாக ஒரு குறுக்குவழி: உங்கள் தரப்பில் உங்களுக்கே எரிச்சலூட்டும் இடித்துரைப்பவர் ஒருவர் இருப்பார். அவர் எதிரணியில் யாரோடு மரியாதையாக விவாதிக்கிறார் என்று பாருங்கள். கடைசியில் எனக்கு மிஞ்சிய ஆறு பேரில் இருவர் அப்படி வந்தவர்கள்.

5. சலித்தெடுங்கள்

இந்தக் கட்டத்தில் என் நோட்டில் 41 பெயர்கள் இருந்தன. உங்களுக்கும் அவ்வளவு சேரும். நான்கு சல்லடைகள் வைத்திருக்கிறேன்.

முதல் சல்லடை: பதிவின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். நிறையச் சுயவிமர்சனங்கள் ஆறு பத்தி அழகாகப் போய், ஏழாவதில் ‘ஆனால் அவர்கள் செய்ததோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை’ என்று முடியும். அது விமர்சனம் அல்ல, முட்டுக்கொடுத்தல். கொஞ்சம் நாகரிகமான முட்டு. ஒரு முறை நடந்தால் மன்னிக்கலாம். மூன்று பதிவிலும் அப்படியே முடிந்தால் பெயரை அடித்துவிடுங்கள்.

இரண்டாவது சல்லடை தமிழில் எழுதுகிறவர்களைப் படிக்கும் நமக்கே உரிய வசதி. ‘நாம்’ எழுதுகிறாரா, ‘நாங்கள்’ எழுதுகிறாரா என்று பாருங்கள். நான் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த இரண்டு வரிகள் இவை. ஒன்று: ‘நாங்கள் தவறு செய்திருக்கிறோம், அதை ஒப்புக்கொள்ளும் பக்குவம் எங்களுக்கு உண்டு.’ இன்னொன்று: ‘நாம் தவறு செய்திருக்கிறோம், இதை மூடி மறைக்க நாம் எழுதிய பதிவுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.’ முதலாமவர் நம்மைப் பார்த்துப் பேசுகிறார். ‘நாங்கள்’ என்றதுமே கேட்கிறவர் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டார். அது பத்திரிகையாளர் சந்திப்பு. இரண்டாமவர் தம்மவர்களைப் பார்த்துப் பேசுகிறார். நாம் ஜன்னல் வழியே கேட்கிறோம். தன் கட்சியை ‘அவர்கள்’ என்று எழுதத் தொடங்கிவிட்டவர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இந்தச் சல்லடையில் மட்டும் பதினைந்து பெயர்கள் விழுந்தன.

மூன்றாவது, விலை. இதற்குத்தான் நோட்டின் நான்காம் பத்தி. ஒருவர் தன் தரப்பை விமர்சித்த பதிவின் கீழே உள்ள பின்னூட்டங்களைத் திறந்து, யார் கைதட்டுகிறார்கள், யார் கல்லெறிகிறார்கள் என்று எண்ணுங்கள். நம் தரப்பினர் மட்டும் கைதட்டி, சொந்தக் கட்சிக்காரர்கள் கண்டுகொள்ளாமல் போயிருந்தால், அவருக்கு அந்த வீட்டில் இப்போது இடமில்லை. சொந்தக் கட்சிக்காரர்கள் கோபமாக வந்து சண்டை போட்டிருந்தால் நல்ல அறிகுறி. கோபம் உரிமை உள்ளவர்மீதுதான் வரும். அரசியல்வாதி என்றால் விலை இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்குள் இருந்தபடியே டிரம்ப்பை விமர்சித்த லிஸ் செய்னி, 2021 மே மாதம் தன் கட்சியின் அவைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 2022 ஆகஸ்டில் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். விலை கொடுத்தவர் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. இலவசமாகச் சொல்லவில்லை என்பது மட்டும் உறுதியாகிறது.

நான்காவது, போலி. ‘நானும் இந்தக் கட்சிக்காரன்தான், ஆனால்...’ என்று தொடங்கும் கணக்குகளில் கணிசமானவை அந்தக் கட்சிக்காரர்களுடையவை அல்ல. குறைந்தது இரண்டு ஆண்டுப் பழைய பதிவுகளைப் பாருங்கள். அந்தக் கட்சி ஜெயித்த நாளில் என்ன எழுதியிருக்கிறார்? மகிழ்ச்சியே இல்லாத தொண்டன் உலகத்தில் கிடையாது. பதிவுகள் அழிக்கப்பட்டிருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம். எல்லாம் கிடைக்காது, சில கிடைக்கும். வெட்டிய காணொளிகளையும் நம்பாதீர்கள். நாற்பது நிமிடப் பேச்சிலிருந்து முப்பது வினாடியை வெட்டி ‘அவர்களே ஒப்புக்கொண்டார்கள்’ என்று சுற்றில் விடுவது நம் தரப்புக்காரர்களின் கைவேலையாகவும் இருக்கும்.

6. மூன்று மாதம் சும்மா படியுங்கள்

சல்லடைக்குப் பின் எனக்கு மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். இவர்களை 12 வாரம், நாளுக்கு 20 நிமிடம், பதில் எழுதாமல் படிக்க வேண்டும். விருப்பக்குறிகூட வேண்டாம்.

வாரம் ஒரு முறை ஒரு பயிற்சி செய்யுங்கள். அவருடைய ஒரு வாதத்தை எடுத்து, அவர் படித்தால் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். பொருளியலாளர் பிரையன் கேப்லன் 2011இல் இதற்குக் கொள்கை ட்யூரிங் சோதனை என்று பெயர் வைத்தார்: நீங்கள் எழுதியதை எதிரணியார் தம் ஆள் எழுதியது என்றே நம்ப வேண்டும். முதல் மாதம் நான் எழுதியதெல்லாம் நாடகத்தில் வில்லனுக்கு எழுதிய வசனம்போல இருந்தது. இரண்டாம் மாதக் கடைசியில்தான் ஒன்று தேறியது.

இந்தக் காலத்தில் உங்கள் அளவுகோலும் மாறும். எதிரணியில் தீவிரக் கருத்து உடையவர்கள் உண்மையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று அமெரிக்காவின் இரு கட்சியினரும் நினைக்கிறார்கள் என்று மோர் இன் காமன் அமைப்பின் 2019 ஆய்வு சொல்கிறது. செய்திகளை அதிகம் பின்தொடர்கிறவர்களிடம் இந்தப் பிழை இன்னும் பெரிது. நம்மைப் போன்றவர்களைத்தான் சொல்கிறார்கள்.

7. கை வைக்காதீர்கள்

இந்தப் பாடத்தை நான் படித்த விதத்தைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

என் ஒன்பது பேரில் ஒருவர் எதிரணியின் சாதாரண ஆதரவாளர். இரண்டாயிரம் பேர்கூடப் பின்தொடராதவர். ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு மேல், தன் கட்சித் தலைவர் மேடையில் சொன்ன புள்ளிவிவரம் தவறு என்று எழுதினார். தணிக்கை அறிக்கையின் பக்கத்தைப் படமெடுத்து, உரிய வரியின்கீழ் சிவப்பு மையால் கோடு போட்டு, ‘நாம் இதைத் திருத்திவிட்டுப் பேசினால்தான் நாளை நம்மை நம்புவார்கள்’ என்று முடித்திருந்தார். கீழே அவருடைய ஆட்களே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், ‘அண்ணா சொல்வது சரிதான், நானும் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தார். அந்த ஒற்றைப் பின்னூட்டம்தான் நான் ஓராண்டாகத் தேடியது.

நான் என்ன செய்தேன்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘அவர்கள் ஆளே ஒப்புக்கொள்கிறார்!’ என்று போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அது நானூறு முறை பகிரப்பட்டிருந்தது. அவர் பதிவு அங்கே இல்லை. சரிதான் என்று சொன்னவரின் பின்னூட்டமும் இல்லை. ‘எதிரிக்கு ஆயுதம் எடுத்துக்கொடுத்தாயே’ என்று அவர் ஆட்கள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் கணக்கு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தவர் அதன்பின் மழை, புத்தகம், பேரன் என்றுதான் எழுதுகிறார். அரசியல் பற்றி ஒரு வரி இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ‘பரவாயில்லை’ என்று ஒரு சொல் பதில் வந்தது.

ஆகவே கண்டிப்பான சில விதிகள். அவர்கள் தம்மவர்களை விமர்சித்து எழுதியதைப் பகிராதீர்கள், பாராட்டிப் பின்னூட்டம் போடாதீர்கள். நம் பாராட்டு அவர்களுக்கு அவப்பெயர். ‘இவ்வளவு நியாயமானவர் ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். ஏதாவது பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால், நம் தரப்பை அவர்கள் சரியாகக் குட்டிய பதிவைப் பகிருங்கள். விலையை நாம் கொடுத்த மாதிரி இருக்கும். பேச விரும்பினால் தனிச்செய்தியில், அவர் பதிவு வந்து குறைந்தது ஒரு வாரம் கழித்து, ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்.

8. எப்போது பெயரை அடிப்பது

ஆண்டுக்கு ஒரு முறை நோட்டைப் புரட்டுங்கள். ஆறு மாதத்தில் தன் தரப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர், ஆறு மாதமாக அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பவர், இரு சாராரும் சந்தேகத்துக்குரியவர்கள். முன்னவர் அடங்கிவிட்டார், பின்னவர் நம் கைதட்டலுக்குப் பழகிவிட்டார். உங்கள் தரப்பு மேடைகளுக்கு அடிக்கடி அழைக்கப்படுகிறவரையும் ஒரு கண் வைத்துப் பாருங்கள். அவர்மேல் தவறு இல்லாமல் இருக்கலாம். ஆனால் விருந்து உபசாரத்துக்குப் பின் வீட்டைப் பற்றி ஒருவர் பேசும் தொனி மாறிவிடுகிறது.

பிடிக்காத கருத்தைச் சொன்னார் என்பதற்காக மட்டும் யாரையும் அடிக்காதீர்கள். என் ஒன்பது ஆறாகக் குறைந்ததில் ஒருவரை அப்படித்தான் இழந்தேன். இப்போது திரும்பச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஆறு பேரில் ஒருவர், நான் ஆதரிக்கும் ஒரு சட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். பழக்கப்படி கடைசிப் பத்திக்குப் போனேன். இதே பிரச்சினையில் தம் கட்சி பத்தாண்டு தூங்கியதைப் பற்றி ஒரு வரி, ‘நாம்’ என்று தொடங்கியது. தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். மேலே உள்ள பத்திகளில் அவர் சொன்னவற்றில் மூன்று தவறு என்று நினைக்கிறேன். அவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் ஆகட்டும், கேட்கலாம்.